98 நாள் முடிந்த மறுநாள் பிள்ளை யார் கையில்?

பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறவி என்பார்கள் நம் பாட்டிமார். மறுபிறவி எடுத்துப் பாயை விட்டு எழுந்திருக்கும் தாய்க்கு மூன்று கவலைகள் காத்திருக்கின்றன. வேலைக்குப் போகாத நாட்களில் அடுப்பு எரியக் காசு யார் கொடுப்பார்? திரும்பிப் போகும்போது வேலை அங்கே இருக்குமா? வேலைக்குப் போய்விட்டால் கைப்பிள்ளையை யார் பார்த்துக் கொள்வார்?

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயானாலும், பிரிக்பீல்ட்ஸ் கடையில் நாள் முழுதும் நின்று புடவை விற்கும் தாயானாலும், கிள்ளானில் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாயானாலும் கவலை ஒன்றுதான். பிள்ளை பெறுங்கள் என்று நாடு சொல்கிறது. வேலைக்கும் வாருங்கள் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே பெண்தானே செய்ய வேண்டும்? அவளுக்கு அரசாங்கமும் முதலாளியும் என்ன செய்கிறார்கள், இன்னும் என்ன செய்யவில்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மேற்கண்ட மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கு இன்றைய சட்டம் ஓரளவு நல்ல பதில் வைத்திருக்கிறது. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றாவது கேள்விக்கு நம் பாட்டிமார் காலத்தில் ஒரு பதில் இருந்தது. அதன் பெயர் ஆயாக் கொட்டகை.

ஆயாக் கொட்டகையின் கதை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்குப் போகுமுன், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய் மரம் வெட்டப் போவாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஆயா பால் கரைத்துக் கொடுப்பாள், மூக்கைச் சிந்தி விடுவாள், அழுகிற பிள்ளையை ஆட்டித் தூங்க வைப்பாள். நம்மில் எத்தனையோ பேர் அந்தத் தொட்டிலில் ஆடி வளர்ந்தவர்கள்.

துரைமார் கருணையினால் மட்டும் வந்த ஏற்பாடு அல்ல அது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத்துப் பெண்ணுக்குப் பேறுகாலப் படியையும், பிள்ளைகளுக்குக் காப்பகத்தையும், பள்ளிக்கூடத்தையும் பற்றி விதி வகுத்தது. தோட்டத்து வேலைக்குப் பெண்ணின் கை அவசியமாக இருந்தது. அந்தக் கையில் பிள்ளை இருந்தால் வெட்டுக்கத்தி பிடிக்க முடியாது. ஆகவே பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆயா தேவைப்பட்டாள். இன்றைய பிள்ளைதான் நாளைய தொழிலாளி என்ற கணக்கும் அதில் இருந்தது.

கணக்கு எதுவானாலும் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புக் குறைவாகவே போடப்பட்டது. 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அதிலும் வெட்டு விழுந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களிடம் தகாதபடி நடந்துகொள்வதற்கு ஒரு முடிவு ஆகியவற்றையும் கோரிக்கைகளாக வைத்தார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. இன்று நாம் அனுபவிக்கும் சலுகைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நாடு விடுதலை அடைவதற்குச் சற்று முன், 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வந்தது. பேறுகால விடுமுறைக்கு நாம் இன்றும் ஆதாரமாகக் கொள்வது இந்தச் சட்டத்தைத்தான். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி.பி.நாராயணன் தலைமையில் முதலாளிமாருடன் கூட்டு ஒப்பந்தங்கள் பேசியது. பின்னர் 1990-ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டமும், கைப்பிள்ளைகள் பலர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பிள்ளைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது.

ஆனால் அதற்குள் தோட்டங்களே கரையத் தொடங்கிவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, தொழிற்பேட்டைகளாயின. பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் பல டிங்கிலில் அடுக்கு வீடுகளுக்குப் போயின. லயத்து வீடு போயிற்று, கோயில் போயிற்று, தமிழ்ப் பள்ளி இடம் மாறிற்று என்று நாம் பேசியிருக்கிறோம். ஆயாக் கொட்டகையும் போயிற்றே என்று யாரும் உரக்கப் பேசவில்லை. அது போன நட்டம் தாய்மார் தலையில்தான் விடிந்தது.

வேண்டாம் என்ற காலமும் வேண்டும் என்ற காலமும்

பிள்ளை விஷயத்தில் அரசாங்கத்தின் மனம் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. அளவான குடும்பமே வளமான குடும்பம் என்ற பிரசாரம் ஊரெங்கும் நடந்தது. அப்போது நம் நாட்டில் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் என்ற கணக்கு. 1970-ஆம் ஆண்டின் துல்லியமான கணக்கு 4.9.

1984-இல் காற்று திசை மாறியது. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த அக்காலத்தில், 2100-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் மக்கள் தொகை 7 கோடியாக வேண்டும் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரும் மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஐந்து பிள்ளைகள் வரை பேறுகாலச் சலுகை என்று இன்று சட்டத்தில் காணும் வரம்பு அந்தக் காலக் கொள்கையைச் சேர்ந்ததே.

ஆனால் அறிவிப்பினால் பிள்ளைகள் பிறப்பதில்லை. நாட்டின் சராசரி 2022-இல் 1.6-க்கு இறங்கிவிட்டது. இந்தியப் பெண்களிடையே அது வெறும் 1.1. தாய் தகப்பன் இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பிள்ளைகளுக்குச் சற்று மேல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் நம் சமூகம் பாதி வழியில்தான் நிற்கிறது.

பெண்கள் சுயநலக்காரர்களாகி விட்டார்கள் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். இது நியாயமான பேச்சல்ல. இன்றைய பெண் படிக்கிறாள், தாமதமாக மணமுடிக்கிறாள் என்பதும் உண்மையே. ஆனால் அடுக்கு வீட்டு வாடகையும், பால்மாவு விலையும், பராமரிப்புக் கட்டணமும் ஒரு சம்பளத்தில் அடங்குமா? இரண்டு சம்பளம் வேண்டும் என்றால் தாய் வேலைக்குப் போக வேண்டும். தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால், ஒன்று வேலை போகும். அல்லது அடுத்த பிள்ளை வேண்டாம் என்ற முடிவு வரும். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

முதற்கேள்வி: காசு யார் கொடுப்பார்?

2022-இல் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதி முதல் நடப்புக்கு வந்தது. இதன்படி பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது சரியாக 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வகுத்த குறைந்தபட்ச அளவும் இதுவே. அரசாங்க ஊழியர்களுக்கு 90 நாள் வரை விடுமுறை என்ற அறிவிப்பு 2010 அக்டோபரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலேயே வந்தது. தோட்டத்துத் தாயும் தொழிற்சாலைத் தாயும் அதற்குப் பின் 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

இந்த விடுமுறை எவ்வளவு சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாகவே விடுமுறை தொடங்கக் கூடாது. பிள்ளை பிறந்த மறுநாளைத் தாண்டியும் தள்ளிப் போடக் கூடாது. கருவுற்று 22 வாரம் ஆனபின் பிறக்கும் பிள்ளை உயிரோடு பிறந்தாலும், துரதிர்ஷ்டவசமாக இறந்து பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் அந்த 98 நாள் உண்டு. இது தெரியாமல் துக்கத்தோடு வேலைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கக் கூடாது.

விடுமுறை ஒன்று, விடுமுறைச் சம்பளம் மற்றொன்று. சம்பளம் பெற நிபந்தனை உண்டு. பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளுக்குக் குறையாமல் அவரிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் சம்பளம் கிடைக்காது. விடுமுறை மட்டும் உண்டு.

மாதச் சம்பளக்காரருக்கு, வெட்டு விழாமல் மாதச் சம்பளம் தொடர வேண்டும். 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளம் வாங்கும் ஒரு சகோதரிக்கு 98 நாளில் 5,000 வெள்ளிக்கு மேல் வரும். நாட்கூலிக்காரருக்கும் துண்டுக் கூலிக்காரருக்கும், முந்திய சம்பளக் காலத்தில் வாங்கிய கூலியை வேலை செய்த நாட்களால் வகுத்து ஒரு நாள் சம்பளம் கணக்கிடப்படுகிறது. ஆகவே சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் நாளை உங்கள் சாட்சி.

கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்யும் பெண்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவு வேலை செய்யும் நம் பெண்களில் பலருக்குக் கொந்தராத்து மாறும்போது முதலாளியும் மாறுகிறார். 90 நாள் கணக்கு ஒரே முதலாளியிடம் எண்ணப்படுவது என்பதால், மாறுகிற சமயத்தில் கர்ப்பமாக இருப்பவர் நட்டப்பட நேரலாம். இதற்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. வேலையை விட்டு நிற்கும் நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பிரசவம் வரும் என்று தெரிந்தால், நிற்பதற்கு முன்பே பழைய முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்தால் அவரிடம் சம்பளம் கேட்கும் உரிமை தொடரும். தெரிவிக்காமல் போனால் உரிமை போய்விடும்.

தகப்பனுக்கும் இப்போது பங்கு உண்டு. மணமான ஆண் தொழிலாளி, ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால், மனைவியின் பிரசவத்துக்குத் தொடர்ச்சியாக 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை எடுக்கலாம். ஐந்து பிரசவங்கள் வரை இது செல்லும். 30 நாள் முன்னதாகவோ, முடியாவிட்டால் பிள்ளை பிறந்த பின் கூடிய சீக்கிரமோ முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஏழு நாளை நண்பர்களுக்கு விருந்து வைப்பதில் செலவிடாமல், பிள்ளைத் துணி துவைக்கவும் மனைவிக்குப் பத்தியச் சோறு வடிக்கவும் செலவிட்டால் நம் அண்ணன் தம்பிகளுக்குப் புண்ணியமாகப் போகும்.

இரண்டாம் கேள்வி: வேலை இருக்குமா?

கர்ப்பம் தெரிந்ததும் "போதும், நின்றுகொள்" என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் பெரிய இடங்களிலும் இருந்தது. மலேசிய விமான நிறுவனத்தில் 1980 முதல் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் 1991-இல் கருவுற்றார். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அவர் விலக மறுத்தார். வேலை போயிற்று. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி ஏறி, 2005-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே முடிந்தது. பிறந்த பிள்ளை பள்ளியில் பாதிப் படிப்பை முடிக்கும் வயதாகிவிட்டது அதற்குள்.

ஆனால் அவர் போராடியது வீண் போகவில்லை. இடையில் 2001-இல் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, ஆண் பெண் என்ற பேதம் காட்டக் கூடாது என்று எழுதப்பட்டது. 2009-இல் உலு லங்காட் வட்டாரத்தில் தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற நூர்பாடிலா அகமட் சைக்கின், கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் நியமனத்தை இழந்தார். அவர் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் போனார். 2011-இல் நீதிபதி சலேஹா யூசோப், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பெண் என்பதற்காகக் காட்டும் பேதமே என்று தீர்ப்பளித்தார். நட்டஈடாக முதலில் கணிக்கப்பட்ட 300,000 வெள்ளி பின்னர் 30,000 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது உண்மைதான். எனினும் அந்தத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது.

இன்று சட்டம் தெளிவாகவே பேசுகிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணையோ, கர்ப்பத்தினால் நோயுற்ற பெண்ணையோ வேலையிலிருந்து நீக்குவது குற்றம். வேலை ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், நிறுவனமே மூடப்படுவது ஆகிய மூன்று காரணங்கள் மட்டுமே விதிவிலக்கு. அப்படி நீக்கினாலும், கர்ப்பத்துக்காக நீக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில். முன்பெல்லாம் தொழிலாளி சாட்சி தேடி அலைய வேண்டியிருந்தது. இப்போது முதலாளி பதில் சொல்ல வேண்டும். இது சிறிய மாற்றமன்று.

ஒரு ஓட்டை மட்டும் இன்னும் அடைபடவில்லை. சட்டம் காப்பது வேலையில் இருப்பவளை. வேலை கேட்டு வரும் பெண்ணிடம், "கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளை எப்போது?" என்று கேட்டு அனுப்பிவிடும் முதலாளியிடம் இந்தச் சட்டம் அவ்வளவு வலுவாகப் பேசுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெண்ணின் நிலையோ இன்னும் பரிதாபம். மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் அவளுடைய வேலை அனுமதிக்கே ஆபத்து. நம் பாட்டிமாரும் கப்பல் ஏறி வந்தவர்கள்தாம் என்பதை எண்ணினால் இது நமக்கு உறைக்கும்.

முதலாளி ஏன் முகம் சுளிக்கிறார்?

98 நாள் சம்பளத்தை நம் நாட்டில் முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இது பாரமாகத் தெரியாது. நான்கு பேர் வேலை செய்யும் தையற்கடைக்குப் பாரமே. அதனால்தான் சில முதலாளிகள் இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். பெண்ணுக்குக் கொடுத்த சலுகை பெண்ணுக்கே வினையாக முடிகிறது.

பக்கத்து நாடுகள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. சிங்கப்பூரில் குடியுரிமை பெற்ற பிள்ளையின் தாய்க்கு 16 வாரம். முதல் இரு பிரசவங்களுக்குப் பிந்திய 8 வாரச் சம்பளத்தையும், மூன்றாவது முதல் 16 வாரச் சம்பளத்தையும், ஒரு வரம்புக்குள், அரசாங்கமே முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தகப்பனுக்கு 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். இந்தியாவில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகமும் வேண்டும். தமிழ்நாட்டின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பொருந்தும்படி, காப்பகம் வைக்க வேண்டும் என்ற விதி 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்றது. சட்டம் இருந்தும் அங்கே கூலிக்காரப் பெண்கள் பலருக்கு அது எட்டவில்லை என்பதும் உண்மை.

நம் நாட்டில் விபத்துக்குச் சொக்சோ இருக்கிறது. வேலை இழந்தால் அதற்கும் காப்புறுதி இருக்கிறது. அதுபோல எல்லாரும் சிறுகச் சேர்த்துப் பேறுகாலச் சம்பளத்தையும் ஒரு பொது நிதியிலிருந்து கொடுத்தால், முதலாளியும் முகம் சுளிக்க மாட்டார்; வேலை தேடும் பெண்ணும் தலை குனிய வேண்டியதில்லை. தொழிற்சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மூன்றாம் கேள்வி: பிள்ளை யார் கையில்?

98 நாள் முடிந்தது. 99-ஆம் நாள் காலை தாய் எழுந்து குளித்து வேலைக்குக் கிளம்புகிறாள். மூன்று மாதப் பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது. இனி?

பாட்டி இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. ஆனால் பாட்டியும் இன்று எங்கோ கூட்டிப் பெருக்கச் சம்பளத்துக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டால், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் தாய்க்கு வேலை கெடும். பதிவு பெற்ற காப்பகம் இருந்தாலும் அதன் கட்டணம் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும். விடிகாலை ஐந்து மணிக்கும் இரவு வேலைக்கும் திறந்திருக்கும் காப்பகத்தைக் காண்பது அரிது. பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை வாங்குவதற்கு இருந்த தடையையும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. வேலைக்கு இரவிலும் கதவு திறந்தது, பிள்ளைக்குத்தான் திறக்கவில்லை.

அரசாங்கம் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பதிவு பெற்ற காப்பகத்துக்கும் பாலர் பள்ளிக்கும் கட்டும் பணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரியில் கழிவு உண்டு. தாய்ப்பால் எடுக்கும் கருவி வாங்கினால் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. நல்ல காரியம். ஆனால் 1,700 வெள்ளி வாங்கும் தாய் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமையும் புதிய சட்டத்தில் இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இது உதவும். மரமும் இயந்திரமும் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுமா?

மேலே உள்ளவர்களுக்குத் தந்தது கீழே உள்ளவர்களை எட்டவில்லை. இதன் விளைவை நாட்டின் கணக்கே காட்டுகிறது. வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் நூற்றுக்கு 83 பேர் அளவில் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் நூற்றுக்கு 56 பேர் அளவில்தான். வெளியே நிற்கும் பெண்கள் சொல்லும் முதற்காரணம் வீடும் குடும்பப் பொறுப்பும். படிக்க வைத்த பெண் பிள்ளைக்காக வேலையை விட்டால், சேமநிதியும் அங்கேயே நிற்கிறது; முதுமையில் அவள் கை ஏந்தும் நிலை வருகிறது.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கும் வேளையில் நாமும் சில காரியங்களைச் செய்யலாம்.

கர்ப்பம் உறுதியானதும் பரிசோதனைப் புத்தகத்தின் நகலை எடுத்து வையுங்கள். பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள், எந்தத் தேதியிலிருந்து விடுமுறை என்பதை முதலாளிக்குத் தெரிவியுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து ஒரு படியில் கையெழுத்து வாங்குங்கள். சம்பளம் மறுக்கப்பட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே புகார் செய்ய வழக்கறிஞர் தேவையில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டால், மீண்டும் வேலை கேட்டு மனுச் செய்ய 60 நாள்தான் கெடு. அழுது தீர்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்றிருந்தால் கெடு கடந்துவிடும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்கள், காப்பகம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நிர்வாகத்திடம் கேட்கலாம். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருப்புப் பகுதியிலேயே காப்பகம் ஒன்றைத் தொடங்க வழி பார்க்கலாம். 1984-ஆம் ஆண்டின் பிள்ளைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்துக் கொண்டால் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பத்துக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்க அனுமதி உண்டு. அதற்கான பயிற்சி வகுப்பும் உண்டு. நம் அடுக்கு வீடுகளில் பிள்ளை வளர்த்துக் கைதேர்ந்த அம்மாமார் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் பயிற்சி பெற்றுப் பதிவு செய்தால், அவருக்கும் வருமானம்; எட்டுத் தாய்மாருக்கும் நிம்மதி. கோயில் மண்டபமும் சங்கக் கட்டடமும் பகலில் பூட்டிக் கிடக்கும் இடங்களில், பொறுப்பாளர்கள் மனம் வைத்தால் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஒரு திருவிழாவுக்கு ஆகும் செலவில் ஓராண்டு ஆயா சம்பளம் கொடுக்கலாமே!

தேர்தல் காலத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கால்வாயும் விளக்கும் கேட்கிறோம். அத்துடன் "இந்தக் குடியிருப்பில் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் பிள்ளைக் காப்பகம் எங்கே?" என்றும் கேட்போம். இந்தக் கேள்வியைத் தாய்மார் மட்டும் கேட்டால் போதாது. தகப்பன்மாரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

துரைமார் காலத்தில், தங்கள் மரத்துக்கு நம் கை வேண்டும் என்பதற்காக நம் பிள்ளைக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். இன்று நாட்டுக்கு நம் கையும் வேண்டும், நம் பிள்ளையும் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கொட்டகையை முன்னைவிடப் பெரிதாக, சுத்தமாக, கௌரவமாகப் போட்டுத் தரட்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்காக நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.